சுபாஸ்ரீ அனுப்பிய அப்டேட்

ஷாஜியா அந்த மாடிப்படியில் முதல்முதலாக ஏறிய காலையில் சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கம்பத்திலிருந்து வந்த பஸ் அவளை உத்தமபாளையம் கடைவீதியில் இறக்கிவிட்டுப் போனபோது, மேற்கே மலை இருந்த இடத்தில் வெறும் மேகம்தான் இருந்தது. அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளம் ஏலக்காய்க் கிட்டங்கி. சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள் காயைத் தரம் பிரித்துக்கொண்டே அவளை ஒரு பார்வை பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் பக்கத்திலிருந்தவளின் காதில் ஏதோ சொன்னாள். மரப்படி ஒவ்வொன்றும் மிதித்தபின் கொஞ்சம் தாமதமாகவே முனகியது, பின்னால் இன்னொருவர் ஏறி வருவதைப் போல.

மேலே நீளமான கூடம். அதில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து 'சுருளி' என்ற எடிட்டரைச் செய்துகொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவர்கள் எழுதும் பலகைதான் எடிட்டர். தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் மிரளக்கூடாது என்று, அதில் எல்லாவற்றையும் தமிழிலேயே வைத்திருந்தார்கள். அவ்வப்போது புது அப்டேட் வரும். கூடவே சின்னக் குறிப்பு ஒன்றும் வரும்: புதியவை, சரிசெய்தவை, நீக்கியவை.

முதலாளி கிங்ஸ்லி போடிக்காரர். ஜன்னலோர மேசையைக் காட்டினார்.

"இதுதாம்மா ஒங்க எடம். சுபாஸ்ரீ இருந்த எடம். போன வருசம் காய்ச்சல்ல போயிருச்சு அந்தப் பிள்ளை. பண்ணைப்புரத்துக்காரி. இந்த எடிட்டர்ல முக்கால்வாசி அவ கை."

ஷாஜியா உட்கார்ந்தாள். நாற்காலி மிகவும் தாழ்வாக இருந்தது. கைப்பிடியை இழுத்து உயர்த்திக்கொண்டாள். மறுநாள் காலையில் அது மறுபடியும் தாழ்ந்திருந்தது.

"பழைய நாற்காலி தாயி. அதுவா எறங்கும், அதுவா ஏறும். நீ கண்டுக்காத" என்றான் பக்கத்து மேசைப் பாண்டியராஜன். எடிட்டரில் பிழை தேடிப் பிடிப்பது அவன் வேலை. "சுபா குட்டையா இருப்பா. அவளுக்குன்னே பழகிப்போச்சு."

அன்றைக்குத் தொடங்கியது. எதை எடுத்தாலும் சுபா. ஷாஜியா நாள் முழுக்கப் போராடி ஒரு பிழையைச் சரிசெய்தால், "சுபா இருந்தா டீ ஆறுறதுக்குள்ள முடிச்சிருப்பா" என்பார்கள். கல்லூரிகளிலிருந்து போன் வந்தால், "சுபா அக்கா இல்லையா?" என்பார்கள். கிங்ஸ்லி அவளைப் பாராட்டும்போது கூட, "பரவாயில்லம்மா, சுபா சாயல் கொஞ்சம் வருது" என்றுதான் சொன்னார்.

உயிரோடு இருக்கிறவள் என்றால் ஒருநாள் தப்புச் செய்வாள், லீவு போடுவாள், யாருடனாவது சண்டை பிடிப்பாள். செத்தவள் எதையும் செய்வதில்லை. நாளுக்கு நாள் நல்லவளாகிக்கொண்டே போனாள். ஷாஜியாவுக்கு வயிறு எரிந்தது. முகம் தெரியாத ஒருத்தியைத் தான் இப்படி வெறுக்க முடியும் என்பது அவளுக்கே புதிதாக இருந்தது.

வீட்டில் வேறு நெருக்கடி. அத்தா ஷரீப்புக்குக் கம்பத்தில் ஜவுளிக்கடை. கூடலூரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருந்தது.

"ஒம் மக என்னதான் செய்றான்னு கடைக்கு வர்றவுக எல்லாம் கேக்குறாக" என்றார் அத்தா, ஒருநாள் சாப்பிடும்போது. "நான் எதக் காட்ட? ஒரு சட்டைன்னா காலர்ல கம்பெனி பேரு இருக்கும். நீ செஞ்சதுல ஒன் பேரு எங்கன இருக்கு?"

"வரும் அத்தா. அடுத்த வெர்ஷன்ல வரும்."

"வந்துச்சுன்னா நானே கூடலூர்க்காரகட்டப் பேசி நிறுத்துறேன். வரலைன்னா இந்த மாசத்தோட நின்னுக்க. ரெண்டு பேச்சு கெடையாது."

அவர் சொன்னால் சொன்னதுதான். ஷாஜியா கிங்ஸ்லியிடம் கேட்டாள். எடிட்டரில் 'உருவாக்கியவர்' என்றொரு பக்கம் உண்டு. அதில் சுபாஸ்ரீ என்று ஒரே பெயர் இருந்தது. நான்காம் பதிப்பில் அதன் கீழே ஷாஜியாவின் பெயரும் வரும் என்று கிங்ஸ்லி வாக்குக் கொடுத்தார்.

கீழே.

அந்த ஒரு சொல் அவளை அறுத்துக்கொண்டே இருந்தது.

நான்காம் பதிப்பில் ஒரு புது வசதி சேர்த்திருந்தார்கள். எழுதிய ஒவ்வொரு வரியின் ஓரத்திலும், அந்த வரியைக் கடைசியாகத் தொட்டவர் யார், எப்போது என்று சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும். சுருளியை எழுதுவதும் சுருளியில்தான் என்பதால், முதலில் தங்கள் மேசைகளிலேயே ஏற்றிப் பார்த்தார்கள். ஷாஜியா தன் ஃபைலைத் திறந்தாள்.

சுபாஸ்ரீ. சுபாஸ்ரீ. சுபாஸ்ரீ.

உருட்ட உருட்ட அந்தப் பெயர்தான் வந்துகொண்டிருந்தது. நடுவில் எங்கோ ஓரிடத்தில், வழி தவறி வந்தது போல, ஷாஜியா.

கிங்ஸ்லி அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "பாத்தீங்களா. இன்னும் அந்தப் பிள்ளைதான் தாங்கிப் பிடிச்சிட்டு நிக்குது."

மறுநாள் மதியம் கிங்ஸ்லி தேனிக்குப் போயிருந்தார். மற்றவர்கள் சாப்பிடக் கீழே இறங்கியிருந்தார்கள். கூடத்தில் காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஷாஜியா மேல்மெனுவில் 'எல்லா ஃபைலையும் ஒழுங்குபடுத்து' என்ற கட்டளையின் மேல் கர்சரைக் கொண்டுபோய் வைத்தாள்.

அது செய்வது பெரிய காரியம் எதுவும் இல்லை. வரிகளின் முன்னால் இருக்கும் இடைவெளியை ஒரே அளவாக்கும். எழுத்து ஒன்றுகூட மாறாது. ஆனால் ஒவ்வொரு வரியும் தொடப்பட்டுவிடும். தொட்டவள் பெயர் ஓரத்தில் ஏறிவிடும்.

அழுத்தினாள்.

ஷாஜியா. ஷாஜியா. ஷாஜியா. திரை முழுக்க அவள் பெயர். மேலிருந்து கீழ்வரை உருட்டினாள். மறுபடியும் உருட்டினாள். உள்ளுக்குள் இத்தனை நாள் எரிந்தது குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி போதாமல், 'உருவாக்கியவர்' பக்கத்தையும் திறந்தாள். சுபாஸ்ரீ என்ற பெயரை, கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்தாள். தன் பெயரை எழுதிச் சேமித்தாள்.

சாப்பிட்டுவிட்டு வந்த பாண்டியராஜன் தன் திரையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்ன தாயி, நாங்க கஞ்சி குடிச்சிட்டு வர்றதுக்குள்ள ஊர் நெலத்தையெல்லாம் ஒன் பேருக்குப் பட்டா மாத்திட்டியா?"

"சுத்தம் பண்ணேன் அண்ணே. எடைவெளி தாறுமாறா கெடந்துச்சு."

"அதுசரி" என்றான். சிரிப்பு பாதியில் நின்றது. "சுபாவுக்கு மட்டும் தெரிஞ்சா கொன்னே போடுவா. அவ வரிய அவ யாரையும் தொட விட்டதில்ல."

அப்போதுதான் ஷாஜியாவின் திரையில், வலதுபக்க மூலையில், சின்னதாக ஒரு பெட்டி எழும்பியது.

சுருளி 4.1 தயார்.

அவள் புருவத்தைச் சுருக்கினாள். நான்காம் பதிப்பே இன்னும் வெளியே போகவில்லை. குறிப்பைத் திறந்தாள். ஒரே ஒரு வரி.

சரிசெய்தவை: நாற்காலியின் உயரம்.

கீழே இரண்டு பொத்தான்கள். இப்போது. பிறகு.

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்துப் 'பிறகு' என்பதை அழுத்தினாள். பெட்டி மறைந்தது.

அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி மெல்ல இறங்கியது.

சட்டென்று இறங்கவில்லை. பின்னாலிருந்து யாரோ தோளில் இரண்டு கையையும் வைத்து, பக்குவமாக, அமர்த்துவது போல இறங்கியது.

"அண்ணே" என்றாள். "புது அப்டேட் ஏதும் போட்டீங்களா?"

"நானா? நாலே இன்னும் கெளம்பல."

அவன் எழுந்து வந்தான். திரையில் ஒன்றும் இல்லை. ஆனால் அப்டேட் அனுப்பிய பதிவு மெஷினில் இருந்தது. அவன் அதைத் தேடிப் பிடித்து, வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். எந்த அப்டேட்டும் அனுப்புகிறவரின் பாஸ்வேர்ட் முத்திரை இல்லாமல் போகாது.

"யாரு முத்திரை அண்ணே?"

பாண்டியராஜன் உதட்டை நக்கிக்கொண்டான். "கிங்ஸ்லி சாருக்கு ஒண்ணு இருக்கு. இன்னொண்ணு சுபாவுக்கு இருந்துச்சு. அவள அடக்கம் பண்ண அன்னைக்கே சார் அத மூடிட்டாக. நான்தான் பக்கத்துல நின்னேன்."

"இது யாரோடது?"

அவன் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தான். அன்று மாலைவரை அவள் பக்கம் திரும்பவில்லை.

இரண்டு நாள் எதுவும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் காலை பெட்டி மறுபடி வந்தது.

சுருளி 4.2. புதியவை: மணம்.

'பிறகு' என்பதை அழுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். முதலில் வழக்கமான ஏலக்காய் வாசம்தான். பிறகு அதற்கு அடியிலிருந்து வேறொன்று கசிந்தது. பழுத்து, நசுங்கி, புளிக்கத் தொடங்கிய பன்னீர்த் திராட்சையின் வாடை. மேசை இழுப்பறையைத் திறந்தாள். ஒன்றுமில்லை. குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தாள். ஒன்றுமில்லை. வாடை அவள் துப்பட்டாவிலிருந்தே வந்தது.

தண்ணீர் குடிக்கப் போனவளைக் கடந்து போன கிங்ஸ்லி, நாலடி போய் நின்றார். திரும்பினார். அவர் முகத்தில் சந்தோஷமும் பயமும் ஒன்றாக இருந்தன.

"ஒண்ணுமில்லம்மா" என்றார். "திராட்சை... சுபா வீட்டுல திராட்சைப் பந்தல். தினம் பையில கொண்டாந்து திம்பா. சட்டுனு ஞாபகம் வந்துருச்சு."

பயத்தின் நடுவிலும் அவளுக்குச் சுருக்கென்றது. தன் மேல் வீசும் வாசனைகூட அவளுடையதுதானா?

அதற்கடுத்தது மழை இருட்டிய ஒரு பிற்பகலில் வந்தது. கரண்ட் போய், இன்வெர்ட்டரில் திரைகள் மட்டும் எரிந்தன. ஜன்னல் கதவைக் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

சுருளி 4.3. புதியவை: கைகள்.

'பிறகு.'

அவள் விசைப்பலகையின் மேல் விரல் வைத்தாள்.

விரல்களின் மேல் விரல்கள் வந்து படிந்தன.

ஈரத் துணியைப் போன்ற குளிர். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அவளுடைய கைகள் மட்டும் தானாக ஓடத் தொடங்கின. எழுத்துக்கள் திரையில் பெய்தன. ஒரு வாரமாக அவள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த இடம், மூன்றே வரியில், முடிச்சு அவிழ்ந்தது போல அவிழ்ந்தது. அவள் கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

எவ்வளவு அழகாக எழுதுகிறாள் என்பதுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது. எல்லாரும் சொன்னது பொய் இல்லை. ஒரு சொல் கூடப் பொய் இல்லை.

கைகளைப் பிடுங்கிக்கொண்டு எழுந்தாள். மணிக்கட்டில் நாலு விரல் தடம் வெளுத்துக் கிடந்தது. பாண்டியராஜன் பார்த்தான்.

"தாயி, சொல்றதக் கேளு" என்றான், கிசுகிசுப்பாக. "அவ பேர எடுத்த எடத்துல திருப்பிப் போட்டுரு. மத்தத நான் பழைய பேக்கப்ல இருந்து மாத்தித் தாரேன். சாருக்கும் தெரியாது."

"எடுத்தது நான்தான்னு..."

"நான் பிழை பிடிக்கிறவன் தாயி. எனக்குத் தெரியாதா? பேர் போட்டா போயிருவா. அவ பேராசைக்காரி இல்ல. அவளுது அவளுக்கு வேணும், அம்புட்டுத்தான்."

ஷாஜியா 'உருவாக்கியவர்' பக்கத்தைத் திறந்தாள். தன் பெயருக்கு மேலே கர்சரை வைத்தாள். ஒரு வரி. ஒரே ஒரு வரி போட்டால் எல்லாம் அடங்கிவிடும். அத்தாவுக்குக் காட்ட இரண்டாவது பெயரே போதும். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

'சு' என்று அடித்தாள்.

கர்சர் அதன் பக்கத்தில் மினுக்கிக்கொண்டு காத்திருந்தது. அறையில் திராட்சை வாடை லேசாகக் குறைந்தது. யாரோ ஒருவர் பெருமூச்சு விடப்போவது போல எல்லாம் அமைதியானது.

காலம் முழுக்க மேலே அவள், கீழே நான்.

ஷாஜியா அந்த எழுத்தை அழித்தாள்.

ஜன்னல் கதவு அடிப்பது நின்றது. காற்று நிற்கவில்லை. கதவு மட்டும் நின்றது.

வெளியீட்டு நாளன்று அத்தா கடையைப் பையனிடம் விட்டுவிட்டுக் கம்பத்திலிருந்து வந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, தொப்பி. படியேறி வந்த மூச்சோடு கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். நான்காம் பதிப்பு அப்போதுதான் கல்லூரிகளுக்குப் போயிருந்தது. கிங்ஸ்லி தன் அறையில் போனில் இருந்தார். அவர் இன்னும் 'உருவாக்கியவர்' பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை.

"இதுதான் ஒன் எடமா? காத்து நல்லா வருது" என்றார் அத்தா.

ஷாஜியா அவருக்கு ஒரு ஸ்டூலை நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். பக்கத்தைத் திறந்தாள். 'உருவாக்கியவர்' என்ற தலைப்பு வந்தது. கீழே பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அதை மறைத்துக்கொண்டு, பெட்டி வந்து நின்றது. இந்த முறை மூலையில் இல்லை. நட்டநடுவில்.

சுருளி 5. கடைசிப் பதிப்பு.

மீதமுள்ள பழுது ஒன்று: ஒரே நாற்காலியில் இருவர்.

அவள் 'பிறகு' பொத்தானைத் தேடினாள். அது இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

'இப்போது' மட்டும் இருந்தது.

"என்ன ஷாஜி, பேரக் காணோம்?"

"கொஞ்சம் இருங்க அத்தா. எதையும் தொடாதீங்க. தண்ணி கொண்டாரேன். சார்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துர்றேன்."

எழுந்தாள். சுவரோரம் இருந்த பானையை நோக்கி நடந்தாள். கிங்ஸ்லியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அந்த நாலு எட்டுக்குள் முடிவு செய்தாள். பெயர் போகட்டும், வேலை போகட்டும், கூடலூருக்கே போய்க்கொள்ளலாம்.

பின்னால் அத்தாவின் குரல் கேட்டது. சாதாரணமாக, ஜவுளிக்கடையில் ஒரு மூட்டையை நகர்த்தச் சொல்கிறவரைப் போல.

"இந்தச் சனியன் பொட்டிதான மறைக்குது."

மவுசின் சத்தம்.

க்ளிக்.

திரை கறுத்தது. பிறகு வெளிச்சம் வந்தது. அத்தா குனிந்து, எழுத்துக் கூட்டி, பெயரைப் படித்தார்.

"ஷா... ஜி... யா." முகம் மலர்ந்துபோனது. "ஏ புள்ள, நெசமாவே ஒன் பேருதான். ஒன் பேரு மட்டுந்தான்."

சொல்லிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகளின் தலையில் கையை வைத்தார்.

ஷாஜியா பானையருகே நின்றுகொண்டிருந்தாள்.

நாற்காலியில் இருந்தவளுக்கு அவள் முகம்தான். அவள் துப்பட்டாதான். நெற்றியோரத்துத் தழும்புகூட அவளுடையதுதான். ஆனால் நாற்காலி தாழ்ந்திருந்தது. அந்தத் தாழ்வு அவளுக்குக் கச்சிதமாக இருந்தது.

"அத்தா" என்று ஷாஜியா கூப்பிட்டாள்.

யாரும் திரும்பவில்லை. தன் கையைப் பார்த்தாள். எடுத்ததாக நினைத்த டம்ளர் பானையின் மேல் கவிழ்த்தது கவிழ்த்தபடி இருந்தது.

"அந்தக் கூடலூர்க்காரகட்ட நான் பேசிக்கிறேன். நீ கவலப்படாத. ஒங்கம்மாட்ட இன்னைக்கே சொல்லணும்" என்று அத்தா பேசிக்கொண்டே எழுந்தார். வாழ்நாளில் அவர் அத்தனை பேசி ஷாஜியா கேட்டதில்லை. அவர் கண் ஓரம் நனைந்திருந்தது. "வா, கடைவீதியில ஒரு நல்ல துணியா எடுப்போம்."

"போலாம் அத்தா" என்றது நாற்காலியில் இருந்தது. அவள் குரல். அவளைவிடக் கொஞ்சம் இனிமையாக.

இருவரும் அவளைக் கடந்து போனார்கள். அவர் அந்தக் கையைப் பிடித்திருந்தார். திராட்சை வாசம், இப்போது புளிக்காமல், பறித்த பழத்தின் வாசமாக, அவள் முகத்தில் மோதிவிட்டுப் போனது. போகும்போது அந்த உருவம் ஒருமுறை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மரப்படிகள் முனகின. ஒவ்வொரு மிதிக்கும் ஒரு முனகல். தாமதமில்லாமல்.

ஷாஜியா பின்னாலேயே ஓடினாள். படியின் தலைமாட்டைத் தாண்டி அவளால் போக முடியவில்லை. கீழே, சாரலில், அத்தா தன் குடையை அந்தத் தலைக்கு மேல் பிடிப்பது தெரிந்தது. தான் நனைந்துகொண்டு பிடித்தார்.

அவளுக்குப் பயம் வரவில்லை. அது போன இடம் தெரியவில்லை. பழைய எரிச்சல் மட்டும் இருந்தது, முன்னைவிடப் பெரிதாக, தங்க ஒரு வயிறு இல்லாமல்.

திரும்பி வந்து மேசையருகே நின்றாள். திரையில் அவள் பெயர் தனியாக, அழகாக நின்றது.

பாண்டியராஜன் தன் வேலையை முடித்துவிட்டு வந்தான். "சிஸ்டத்த ஆப் பண்ணாமப் போயிருச்சு பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே குனிந்தவன், அப்படியே நின்றான்.

வெறும் நாற்காலிக்கு முன்னால், திரையில், ஒவ்வொரு எழுத்தாக ஏதோ வந்துகொண்டிருந்தது.

அது என்

அவன் அழித்தான். மறுபடி வந்தது. இன்னும் வேகமாக வந்தது. அவன் சுவரில் இருந்த வயரைப் பிடுங்கி எறிந்தான். திரை இருண்டது. கூடத்தில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

அவன் மெதுவாகக் குனிந்து விசைப்பலகையைப் பார்த்தான். எல்லா விசைகளும் அதனதன் இடத்தில் இருந்தன.

ஒன்று மட்டும், மேலே யார் விரலும் இல்லாமல், அழுந்தியபடியே இருந்தது.